தொப்பி போட்ட கேமரா

வட்டக் கட்டடத்தின் நிலவறையில் அன்று காலை இருந்தவர்கள்:

துப்பறியும் அம்மாள். முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன குடோன்களையும், எரியாமலே எரிந்ததாகச் சொல்லப்பட்ட குடோன்களையும் பார்த்துவந்தவர். காலில் செருப்பு இல்லை. யோசிக்க ஆரம்பித்தால் கழற்றிவிடுவார்.

ஒட்டடை. அவருடைய உதவியாளன். ஒட்டடைக்குச்சியின் உயரம், ஒட்டடைக்குச்சியின் பருமன். வாய் மட்டும் தேவைக்கு மேல்.

செயலாளர். கட்டடச் சங்கத்தின் செயலாளர். கட்டடத்தின் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதி, அட்டையில் தன் படத்தையும் போட்டுக்கொண்டவர்.

வரவேற்புப் பெண். மேலே முகப்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். யார் எப்போது போனார் என்பது மட்டுமல்ல, எந்த முகத்தோடு போனார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

காவலாளி. ஒட்டடையின் அக்கா புருஷன். தலையில் தொப்பி இல்லை. அது சாட்சிப் பொருளாகச் செயலாளர் கையில் இருந்தது.

இருந்திருக்க வேண்டியது, ஆனால் இல்லாதது: ஒரு பூட்டு.

"குழந்தைத் தலை அளவு இருக்கும் மேடம்," என்றார் செயலாளர். "ராஜா காலத்துப் பூட்டு. இந்தப் பாதாளச் சிறைக்கே அதுதான் உயிர். இன்னைக்கு மத்தியானம் தொல்லியல் அதிகாரி வர்றாரு. நேத்து மத்தியானம் பூட்டைக் காணோம். இவன் வேலை."

"இவர்," என்றான் ஒட்டடை.

"என்னது?"

"இவர் வேலைன்னு சொல்லுங்க. எங்க அக்காவே அவரை 'அவர்'னுதான் சொல்லுவா. திட்டும்போதுகூட."

அந்த அக்கா விடியற்காலையில் போன் செய்திருந்தாள். பேசியது குறைவு. "நீதானேடா அந்த வேலைய வாங்கிக் குடுத்தே? சாயங்காலம் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வா. தனியா வந்தே, என் வாசப்படி மிதிக்காதே." போனை வைத்த சத்தம் ஒட்டடையின் காதில் இன்னும் இருந்தது.

செயலாளர் போலீசுக்குச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் கருணை அல்ல. அதிகாரி வரும்போது வாசலில் போலீஸ் வண்டி நின்றால் அழகாக இருக்காது. அதிகாரி வந்துபோன கையோடு காவலாளியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவது என்று முடிவு. அதுவரை வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்திருந்தார், கடன் கொடுக்கிறவர் முகத்தோடு.

ஊரில் யாருக்கு வழி சொன்னாலும் வட்டக் கட்டடத்தை வைத்துத்தான் சொல்வார்கள். அது நிமிர்த்திவைத்த தண்ணீர்க் குழாய் மாதிரி உயரமாக, உருண்டையாக இருக்கும். உள்ளே அலுவலகங்கள், எந்த அறையிலும் பீரோவைச் சுவரோடு ஒட்டிவைக்க முடியாது. ஒரு காலத்தில் அங்கே கோட்டை வாசல் இருந்தது. கோட்டை விழுந்த பிறகு சந்தை வந்தது. சந்தை எரிந்த பிறகு காலி இடம். கடைசியில் ஒரு சிமெண்ட் வியாபாரி வாங்கி, கையிருப்புச் சிமெண்டை எல்லாம் கொட்டி இந்தக் கட்டடத்தை எழுப்பினார். அஸ்திவாரம் தோண்டும்போது இந்தக் கல் அறை தட்டுப்பட்டது. உடைக்கச் சொன்னார். உடைக்க ஆகும் செலவை என்ஜினியர் சொன்னதும் "பழமையைப் போற்றுவோம்" என்றார்.

போற்றியது எப்படி என்றால், துடைப்பமும் பெயிண்ட் டப்பாவும் போட்டுவைத்தார்கள். பல வருஷம் அது குப்பை அறை. பிறகு இந்தச் செயலாளர் வந்தார். கோட்டை இருந்தது என்றால் சிறை இருந்திருக்க வேண்டும், சிறை இருந்தது என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். துடைப்பம் வெளியே போனது. பூட்டும் விளக்கும் கண்ணாடிப் பெட்டியும் உள்ளே வந்தன. புத்தகம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து, சுவரைத் தொட்டுப் பார்த்து, கண் கலங்கிப் போனார்கள். கட்டடத்தில் வாடகை ஏறியது. இரண்டாம் மாடி வக்கீல் தன் லெட்டர்பேடில் ஒரு கைவிலங்குப் படம் போட்டுக்கொண்டார்.

இப்போது தொல்லியல் அதிகாரி வந்து பார்த்து, சரி என்று தலையாட்டினால், வாசலில் வெண்கலப் பலகை. அதில் யார் பெயர் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. செயலாளரின் முகத்திலேயே எழுதியிருந்தது.

"ஆதாரம் இதோ," என்று அவர் தன் போனை நீட்டினார்.

அறைக்குள் ஒரே ஒரு கேமரா. எதிர்ச்சுவரின் மேல்மூலையிலிருந்து கதவைப் பார்க்கும். கதவு உள்பக்கமாகத் திறந்து, பக்கச் சுவரோடு சுவராகக் கொக்கி போட்டு நிற்கும். அப்படி நிற்கும்போது கதவின் வெளிமுகம் அறையைப் பார்த்திருக்கும். அதன் நடுவில் ஒரு இரும்பு வளையம். வளையத்தில்தான் பூட்டு தொங்கியது. வருகிறவர்கள் பார்த்து வாய் பிளப்பதற்காக.

போனில் நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஓடியது. பூட்டு தெரிந்தது. ஒரு கை வந்தது. கையில் ஒரு தொப்பி. பிறகு கும்மிருட்டு. செயலாளர் விரலால் தள்ளினார். இருட்டு விலகியபோது வளையம் மட்டும் தெரிந்தது.

"கேமராவுக்குத் தொப்பி மாட்டிட்டுத் திருடியிருக்கான். தொப்பியில இவன் நம்பரே தச்சிருக்கு. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

காவலாளி தரையைப் பார்த்தார்.

"முந்தாநாள் மத்தியானம் எடுங்க," என்றார் துப்பறியும் அம்மாள்.

"முந்தாநாள் எதுக்கு மேடம்? திருட்டு நேத்துதான்."

"எடுங்களேன்."

முந்தாநாள் மத்தியானமும் தொப்பி. அதற்கு முந்தின நாளும் தொப்பி. போன வாரம், அதற்கு முன் வாரம், எல்லா மத்தியானமும் கேமரா தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஒரே பூட்டைத் தினமும் திருடியிருக்காரு பாஸ்," என்றான் ஒட்டடை. "கடின உழைப்பாளி."

"ஒத்திகை பாத்திருப்பான்," என்றார் செயலாளர் கொஞ்சமும் அசராமல். அதைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை என்பதை ஒட்டடை கவனித்தான். அவன் பாஸ் என்று கூப்பிடும் துப்பறியும் அம்மாளும் கவனித்தார், அவருடைய கால் கட்டைவிரல் லேசாக ஆடியது. தினமும் தொப்பி விழுவது இந்த மனிதருக்கு முன்பே தெரியும்.

செயலாளர் தன் தோல் பையை நடுவிலிருந்த கல் மேடையில் வைத்து, பேச்சுத் தாளை எடுத்தார். "'இருண்ட காலத்தின் இரும்புச் சாட்சியே...' இதுவரைக்கும் பூட்டைக் காட்டி ஆரம்பிக்கறதா எழுதியிருந்தேன். இப்ப 'களவாடப்பட்ட சாட்சியே'ன்னு மாத்தணும். அதுவும் நல்லாத்தான் இருக்கு." தாளைப் பைக்குள் வைத்தார். மேலே நாற்காலி போட்டாச்சா என்று பார்க்கப் போனார். வரவேற்புப் பெண்ணும் பின்னாலேயே போனாள்.

பை மேடையில் இருந்தது.

பாஸ் வளையத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். அறுத்த தடம் இல்லை, வளைந்த தடம் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் போனார். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு சாவி படுத்திருந்தது. சாவியின் மேல் தூசி, மெத்தை போட்ட மாதிரி.

"பூட்டை உடைக்கல. இந்தச் சாவியால தொறக்கவும் இல்ல. அப்ப எதால தொறந்தாங்க?"

"மந்திரத்தால?"

"இன்னொரு சாவியால. இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கும்?"

ஒட்டடை தலையைச் சொறிந்தான். "பூட்டை வாங்கினவங்ககிட்ட. ஆனா ராஜா செத்துட்டாரே பாஸ்."

"ராஜா வாங்கியிருந்தாத்தானே."

அவர் அறையின் குறுக்கே வெறுங்காலோடு நடந்தார். ஒரு மூலையில் நின்றார். திரும்பி நடந்தார். "ஒட்டடை, அந்தப் புத்தகத்தை எடு. தரையில இந்தப் பள்ளம் என்னன்னு போட்டிருக்கு?"

ஒட்டடை படித்தான். "'கைதிகளின் குருதி வழிந்தோடிய வாய்க்கால்.' ஐயோ."

"சுவர்ல இந்தக் குழி?"

"'கைதியின் கடைசி விளக்கு எரிந்த மாடம்.'"

"இந்தக் கல் மேடை?"

"'பலிபீடம். தலை சாய்க்கப்பட்ட கல்.' பாஸ், செயலாளர் பையை அதுமேலதான் வெச்சிருக்காரு."

பாஸ் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரையில் கவிழ்த்தார். தண்ணீர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நாலா பக்கமிருந்தும் குருதி வாய்க்காலுக்கு ஓடி, அதன் வழியே மூலைக்குப் போய், ஒரு துவாரத்தில் குடகுடவென்று இறங்கியது.

"தரை எல்லாப் பக்கமும் சரிவு. கல்லு கால்ல வழுக்குது, தண்ணி பட்டுப் பட்டுத் தேய்ஞ்ச கல்லு. மாடத்துல கரி இல்ல. விளக்கு எரிஞ்சா கரி பிடிச்சிருக்கும். கையெட்டுற உயரத்துல இருக்கு, எண்ணெய்க் கிண்ணம் வைக்க."

ஒட்டடையின் வாய் மெதுவாகத் திறந்தது. "தலை சாய்ச்ச கல்லு..."

"உக்காந்து முதுகு தேய்க்கிற கல்லு."

"குளியலறையா பாஸ்? அந்தப் பசங்க எல்லாம் குளியலறையைப் பாத்தா அழுதாங்க?"

"கோட்டைக்குள்ள நுழையறவன் குளிச்சிட்டுப் போகட்டும்னு வாசல்ல கட்டியிருப்பாங்க. நல்ல பழக்கம்தான்." பாஸ் கதவுப் பக்கம் திரும்பினார். "இன்னும் ஒண்ணு பாக்கணும். இந்தக் கதவோட உள்முகத்தை யாரும் பாத்ததில்ல. எப்பவும் சுவரைப் பாத்துக்கிட்டு நிக்குது."

கொக்கியில் அவர் கை வைத்ததும் அதுவரை ஊமையாக நின்ற காவலாளிக்குப் பேச்சு வந்தது.

"அதைத் தொடாதீங்கம்மா. துரு. கையில குத்திடும்."

கொக்கியில் துரு இல்லை. எடுத்ததும் இலகுவாக வந்தது. அவ்வளவு பெரிய கதவு, முனகாமல், கிறீச்சிடாமல், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பூனை மாதிரி நகர்ந்து வந்து மூடிக்கொண்டது. உள்முகத்தில் ஒரு தாழ்ப்பாள். கதவெல்லாம் கறுத்திருக்க, அது மட்டும் கை பட்டுப் பட்டு மினுமினுத்தது. ஒட்டடை ஒரு விரலால் தள்ளினான். வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது.

"எண்ணெய் போட்டிருக்கு," என்றான். விரலை முகர்ந்தான். மெதுவாகத் திரும்பினான். "மாமா."

"என்ன மாப்ள?"

"அக்கா தையல் மிஷினுக்கு வாங்கி வெச்ச எண்ணெய் எப்பப் பாத்தாலும் தீர்ந்துடுதுன்னு என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கா. இந்த வாசனை எனக்குத் தெரியும் மாமா."

காவலாளி நெற்றியைத் துடைத்தார். தொப்பி இருந்திருந்தால் அதைக் கழற்றி மாட்டியிருப்பார். இப்போது கைக்கு வேலை இல்லை.

"சாப்பிட்டதும் கண்ணைச் சொக்குது மாப்ள. மேல நின்னா கண்ணாடி வழியா வெயில் மூஞ்சில அடிக்குது. இங்க குளுகுளுன்னு இருக்கும். தொப்பிய கேமராவுல மாட்டிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டு, அந்த மேடையில..."

"பலிபீடத்துல."

"...கொஞ்சம் தலை சாய்ப்பேன்."

"நேத்து பூட்டு போகும்போது நீங்க உள்ளதான் இருந்தீங்களா? அதைச் சொல்ல வேண்டியதுதானே மாமா! திருட்டுப் பழிய வாங்கிக்கிட்டு மரம் மாதிரி நிக்கறீங்க!"

"திருடன்னு சொன்னா அதை அவங்க நிரூபிக்கணும். தூங்கினேன்னு சொன்னா நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும்." காவலாளியின் குரல் தாழ்ந்தது. "வேலை நேரத்துல தூங்கின காவலாளிய எவன் மாப்ள வாசல்ல நிறுத்துவான்? எனக்கு வேற என்ன தெரியும்? நிக்கத்தான் தெரியும்."

ஒட்டடை மாமாவின் கசங்கிய சட்டைக் காலரை நீவிவிட்டான். அது அவனுக்குப் புது அனுபவம்.

"நேத்து என்ன கேட்டுது?" என்றார் பாஸ்.

"அரைத் தூக்கத்துல, கதவுல ஏதோ இடிச்ச மாதிரி. கிளிக்னு ஒரு சத்தம். அப்புறம் ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்ல, மறுபடி கண்ணு அசந்துடுச்சு. அப்புறம் யாரோ தடதடன்னு ஓடின சத்தம். அலறிப் புடைச்சு எழுந்து கதவைத் தொறந்தேன். யாரும் இல்ல. தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டுத் திரும்பிப் பாத்தா வளையம் மட்டும் தொங்குது."

"கதவு மூடியிருந்தா பூட்டு வெளிய தாழ்வாரத்துப் பக்கம் இருந்திருக்கும். திருடன் வெளிய நின்னே எடுத்திருக்கான். சரி. எடுத்தவன் நடந்து போகாம ஏன் ஓடினான்?"

ஒட்டடையின் முகம் மலர்ந்தது. "குறட்டை பாஸ்! மாமா குறட்டை விட்டா பாத்திரம் உருளும். பக்கத்து வீட்டுல குடியிருந்தவங்க காலி பண்ணிட்டே போயிட்டாங்க."

"கடைசிப் பக்கம் படி."

"'உச்சி வேளையில் கைதிகளின் முனகல் இன்றும் கேட்பதாகச் சிலர் கூறுவர்.'" ஒட்டடை புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "பாஸ், எழுதினவரே கேட்டிருக்காரு!"

"அது நம்ம ஊகம். முகப்புல கேட்டுக்கலாம்."

கேட்கப் போக வேண்டியிருக்கவில்லை. தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தபோது வரவேற்புப் பெண்ணே டம்ளர்களை அடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். பாஸ் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நேத்து சாப்பாட்டு நேரத்துல கீழேயிருந்து யாராவது அவசரமா மேல வந்தாங்களாம்மா?"

"செயலாளர் சார் வந்தாருங்களே. லிப்ட் இருக்கப் படியேறி ஓடி வந்தாரு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மூஞ்சி. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு, பாதி சட்டையில. 'கீழ யாராவது இருக்காங்களா?'ன்னு கேட்டாரு. இல்லியே சார்னேன். அதுக்கப்புறம்தான் மூஞ்சி இன்னும் மோசமாச்சு."

"தொல்லியல் அதிகாரி போன்ல என்ன கேட்டாருன்னு தெரியுமா?"

அவள் டம்ளரைத் துடைத்தாள். "நான் ஒட்டுக் கேக்க மாட்டேன்."

"தெரியும்மா. தானா காதுல விழுந்திருந்தா?"

"தானா விழுந்ததுன்னா, 'மத்ததெல்லாம் அப்புறம், பூட்டைத்தான் முதல்ல பாக்கணும். நான் முப்பது வருஷமா பழைய பூட்டுதான் ஆராயறேன்'னாரு. செயலாளர் சார் ரெண்டு நாள் சாப்பாடு சரியா சாப்பிடல."

அவள் போனதும் பாஸ் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். யோசனை முடிந்தது என்று அர்த்தம்.

"பயந்து ஓடினவர் கையில அந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு முகப்பு வழியா போயிருக்க மாட்டாரு. அந்தப் பொண்ணு கண்ணுல பட்டிருக்கும். அப்புறம் இங்க கூட்டம். திரும்பி வந்து எடுக்க நேரம் கிடைச்சிருக்காது. பூட்டு இன்னும் இந்தத் தாழ்வாரத்துலதான் இருக்கு."

தாழ்வாரத்தில் மறைக்க இடமே இல்லை. வழவழ சுவர், வழவழ தரை. சுவரோரம் தீ அணைக்கும் மணல் வாளிகள், சிவப்புப் பெயிண்ட் அடித்து வரிசையாக. ஒட்டடை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். ஒரு வாளியில் மட்டும் மணல் கோபுரமாக நின்றது; கீழேயும் கொஞ்சம் சிந்திக் கிடந்தது.

"இந்த வாளி மட்டும் நேத்து விருந்து சாப்பிட்டிருக்கு பாஸ்."

முழங்கை வரை விட்டுத் துழாவினான். வாய் திறந்த பூட்டு வந்தது. ஊதினான். மணல் போனதும் துரு தெரிந்தது. நகத்தால் சுரண்டியதும் துரு உரிந்து, உள்ளே பளபளவென்று தகரம் தெரிந்தது. துருவும் பெயிண்ட்.

காவலாளி அதைப் பார்த்தார். "இதுக்கா தினமும் சல்யூட் அடிச்சேன்?"

"இதை அதிகாரிகிட்ட காட்டினாப் போதுமே பாஸ்," என்றான் ஒட்டடை.

"காட்டினா, 'காவலாளிதான் அசலை எடுத்துட்டு இதை வெச்சிருக்கான்'பாரு. இது அவரோட பூட்டுன்னு அவர் கையாலேயே காட்டணும்." பாஸின் பார்வை பலிபீடத்தில் இருந்த தோல் பையின் மேல் விழுந்தது. "பேச்சுத் தாள் இல்லாம அவரால ரெண்டு வரி பேச முடியுமா?"

ஒட்டடைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சில காரியங்களுக்கென்றே பிறந்தவன் அவன். கதவைப் பழையபடி சுவரோரம் தள்ளினான், கொக்கி போடவில்லை. பையின் கைப்பிடியை வளையத்தோடு சேர்த்து, பூட்டை மாட்டி அமுக்கினான். கிளிக் என்று வாயை மூடிக்கொண்டது. பிறகு தாழ்வாரத்துக்கு ஓடி, கட்டடமே அதிரும்படி கத்தினான்.

"சார்! பூட்டு கெடைச்சிடுச்சு சார்!"

செயலாளர் வந்த வேகத்தில் மகிழ்ச்சி இல்லை. வளையத்தில் பூட்டைப் பார்த்தார். பூட்டில் பையைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"மறுபடியும் தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா பூட்டிட்டேன் சார். அவசரத்துல உங்க பையும் மாட்டிக்கிச்சு. மன்னிச்சிடுங்க. அதனாலென்ன, வரலாற்றுச் சாவிதான் இருக்கே!"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கு வேறு வழியில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து முழங்கைச் சாவியை எடுத்தார். பூட்டின் துவாரம் சுண்டுவிரல் அளவு. சாவியின் மூக்கே அதைவிடப் பெரிது. உரலுக்குள் உலக்கையை விடுகிற முகபாவத்தோடு ஊசித் துவாரத்தில் தூணை விடப் பார்த்தார்.

"நுழையலியே சார்," என்றான் ஒட்டடை கவலையோடு.

"பழைய இரும்பு... வீங்கியிருக்கும்."

"சாவி வீங்கிச்சா, பூட்டு சுருங்கிச்சா சார்?"

"வாயை மூடு!"

"தாளைக் கிழிக்காம எடுக்க முடியுமான்னு பாக்கக் கத்தி கொண்டாரட்டுமா? பை போனாப் போகுது."

"பை மேல கை வெச்சே, பாரு!"

மேலேயிருந்து வரவேற்புப் பெண்ணின் குரல் வந்தது. "சார்! அதிகாரி வண்டி வந்துடுச்சு! கூட பத்திரிகைக்காரரும் வந்திருக்காரு!"

செயலாளரின் நெற்றியில் வியர்வை பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க எல்லாம் மேல போங்க. போய் வரவேத்து உக்கார வைங்க. நான் பொறுமையா இதைத் தொறந்துட்டு வர்றேன். போங்க, போங்க!"

"வாங்க மாமா," என்றான் ஒட்டடை. "பெரியவங்க வேலை."

முகப்பு மேஜையில் வரவேற்புப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. நிலவறைக் கேமரா அதிலும் தெரியும். தொல்லியல் அதிகாரி, தடித்த கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாஸ் அவருக்கு வணக்கம் சொல்லி, திரையை அவர் பக்கம் லேசாகத் திருப்பிவைத்தார்.

திரையில் செயலாளர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. பேன்ட் பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஒரு குட்டிச் சாவியைத் தேடிப் பிடித்தார். தேடியதாகச் சொல்வதுகூடத் தப்பு. விரலுக்கு வழி தெரிந்திருந்தது. பூட்டு ஒரு சுற்றில் திறந்துகொண்டது.

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அதுதான் அந்தப் பூட்டா? சூட்கேஸ் சாவி மாதிரி ஒண்ணுல தொறக்குது? யாரு அவரு?"

"இந்தக் கட்டடத்தோட வரலாற்றை எழுதினவர்," என்றார் பாஸ். "தினமும் சாப்பாட்டு நேரத்துல கேமராவுக்குத் தொப்பி விழும். அதை நம்பித்தான் நேத்து பூட்டை எடுத்தாரு, உங்க கண்ணுல படக் கூடாதுன்னு. இன்னைக்குத் தொப்பி இல்லங்கறதை மறந்துட்டாரு."

செயலாளர் நாற்காலி பார்க்க வந்தபோது வைத்துவிட்டுப் போன தொப்பி அந்த மேஜை மேல்தான் கிடந்தது. வரவேற்புப் பெண் அதை எடுத்துத் தூசி தட்டி, காவலாளியிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி மாட்டிக்கொண்டார். மாட்டியதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

"கீழ போய்ப் பாக்கலாமா?" என்றார் அதிகாரி.

அவர்கள் தாழ்வாரத்தில் திரும்பியபோது செயலாளர் அறைக்குள் கதவோரம் நின்றிருந்தார். ஒரு கையில் தோல் பை, மறு கையில் வாய் பிளந்த பூட்டு, சுண்டுவிரலில் சாவிக்கொத்து. வந்தவர்களைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்குவதைப் பார்த்தார்.

"இருண்ட காலத்தின்..." என்று ஆரம்பித்தார். மேலே வரவில்லை. தாள் பைக்குள் இருந்தது.

மனிதனுக்கு ஓட இடம் இல்லாதபோது கை எதையாவது செய்யும். அவர் கை கதவைப் பிடித்து இழுத்தது. கொக்கி போடாத கதவு, அக்காவின் தையல் மிஷின் எண்ணெயில் ஊறிய கதவு, சத்தமில்லாமல் வந்து எல்லார் மூக்குக்கும் முன்னால் மூடிக்கொண்டது. ஒரு கணம் அமைதி. அந்த ஒரு கணத்தில், இத்தனை வருஷத்தில் முதன்முறையாக, அவர் தன் பாதாளச் சிறையின் கதவை உள்ளேயிருந்து பார்த்திருப்பார்.

பிறகு தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் விழுந்த சத்தம் கேட்டது.

அதிகாரி நின்ற இடத்தில் நின்றார். "சிறைன்னு எழுதியிருந்தாரு. சிறைக்கு உள்பக்கமா தாழ்ப்பாள்?"

"தரையும் மூலைக்குச் சரிஞ்சிருக்குங்க," என்றார் பாஸ். "தண்ணி போக துவாரம். உக்கார ஒரு கல்லு. எண்ணெய்க் கிண்ணத்துக்கு மாடம்."

அதிகாரியின் முகம் மெதுவாக மலர்ந்தது. கதவின் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "சிறை நான் எத்தனையோ பாத்துட்டேன். கோட்டை வாசல் குளியலறை, அதுவும் கதவோட, ஒண்ணுகூட முழுசா பாத்ததில்ல. பூட்டு மாட்டாம சும்மா விட்டிருந்தாலே பலகை வெச்சிருப்போமே!" காதைக் கதவில் வைத்தார். "தாழ்ப்பாள் என்ன சுலபமா போகுது! யாரு பராமரிக்கிறது?"

காவலாளி ஒரு அடி முன்னால் வந்து சல்யூட் அடித்தார்.

"நான்தாங்க. தினமும்."

ஒட்டடை இருமலை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். அக்காவுக்குப் போன் போட வேண்டும். எண்ணெய் விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

"அவரை வெளிய வரச் சொல்லணுமே," என்றார் அதிகாரி.

"தட்டுங்க," என்றார் பாஸ்.

அதிகாரி நாகரிகமான மனிதர். விரலை மடக்கி, மெதுவாக, டொக் டொக் என்று தட்டினார்.

உள்ளேயிருந்து, பிறந்ததிலிருந்து பழகிய பழக்கத்தில், யோசிக்காமல் பதில் வந்தது.

"ஆள் இருக்கு!"